மின்கலமும் கொள்ளளவியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், தொண்ணூறுகளில் கற்ற கணிதப் பிரிவு மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருவரானாலும் பேசுவது ஒரு வகுப்பு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் இங்கே உயர்தரம் கணிதப் பிரிவில் கற்ற ஒன்பது பேர் நாங்கள். மூவர் வெளிநாட்டில். அவர்களும் தொலைபேசியில் சேர்ந்துதான் இவ்வுரையை எழுதினோம். "பழைய நினைவுகள்" என்று பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். நினைவுகளைப் பேச எம்மிலும் மூத்த அக்காமார் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுவையாகவும் பேச வரும். நாங்கள் பௌதிகவியல் பேசுகிறோம். மின்கலம், மின்புலம், கொள்ளளவி. மனைப்பொருளியல் படித்தவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இது உங்கள் வீட்டு அடுப்படியில் நடந்த பாடந்தான்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதன்பின் வந்த ஆண்டுகளில் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றறியும் இருந்தது. கிடைத்தால் அது கிடைத்த விலை. ஆகவே ஒரு சோடி பற்றறிக்கு வீட்டில் ஒரு வாழ்க்கை வரலாறு இருந்தது. முதலில் ரோச்சில் இருக்கும். ரோச் மங்கியதும் றேடியோவுக்குப் போகும். றேடியோ கரகரத்தால் சுவர் மணிக்கூட்டுக்குப் போகும். மணிக்கூடும் நின்றால் ஓட்டுக்கு மேலே வெயிலில் காயும். கடைசியில் அதன் உடம்பில் ஆணியால் துளையிட்டு உப்புத்தண்ணீர் விடுவார்கள். அம்மாமார் இதை யாரிடமும் படித்துச் செய்யவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு, ரோச், றேடியோ, மணிக்கூடு என்ற அதே ஒழுங்கு, உயர்தரப் பாடத்திட்டத்தில் அகத்தடை என்ற தலைப்பில் இருக்கிறது.

அதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். புதிய உலர்கலம் ஒன்றின் மின்னியக்க விசை 1.5 வோல்ற்று. கலத்துக்குள்ளேயும் ஒரு தடை உண்டு. புதிதில் அது அரை ஓம் அளவு என்று வைப்போம். ரோச் மின்குமிழின் தடை 5 ஓம் என்றால், ஓடும் மின்னோட்டம் 1.5 ஐ 5.5 ஆல் வகுக்க வருவது, ஏறத்தாழ 0.27 அம்பியர். குமிழுக்குக் கிடைப்பது 1.36 வோல்ற்று. நன்றாக எரியும். கலம் பழுதாகும்போது நாகக் கோப்பை கரைந்துபோகிறது, உள்ளேயிருக்கும் பசை காய்கிறது, அகத்தடை ஏறுகிறது. அது 10 ஓம் ஆகிவிட்டது, மின்னியக்க விசை 1.3 வோல்ற்றாகச் சற்றே இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். இப்போது மின்னோட்டம் 0.087 அம்பியர். குமிழுக்கு 0.43 வோல்ற்றுத்தான் மிஞ்சும். இழை சிவந்தாலே பெரிது. ஆனால் அதே கலத்தை 20 மில்லி அம்பியர் மட்டும் இழுக்கும் றேடியோவில் போட்டால், உள்ளே இழக்கப்படுவது 0.2 வோல்ற்று; 1.1 வோல்ற்று வெளியே வருகிறது. றேடியோ பாடும். மணிக்கூடு இழுப்பது சராசரியாக ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவு. அதற்கு அகத்தடை இருப்பதே தெரியாது.

வெயிலில் வைத்தால் கலத்துக்குள் புதிதாக மின் எதுவும் வந்துவிடுவதில்லை. சூட்டில் அயன்கள் இலகுவாக நகரும், தடை சற்றுக் குறையும். கரிக்கோலைச் சுற்றியிருக்கும் மங்கனீசீரொட்சைட்டுக்கும் ஓய்வு கிடைக்கும். உப்புத்தண்ணீரும் அப்படித்தான்: காய்ந்துபோன பசைக்குப் பதிலாக அயன்கள் போக ஒரு வழி. நாகம் முழுவதும் கரைந்துவிட்டால் எந்த உப்புத்தண்ணீரும் உதவாது. இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இன்று கடையில் விற்கும் அற்கலைன் வகைப் பற்றறியில் அந்தக் கைவைத்தியத்தைச் செய்யாதீர்கள். அதற்குள் இருப்பது பொற்றாசியமைதரொட்சைட்டு, தோலையும் கண்ணையும் எரித்துவிடும். பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் பொத்தான் போன்ற சிறு பற்றறிகளையும் கவனியுங்கள். பிள்ளை விழுங்கி அது களத்தில் சிக்கிவிட்டால், ஈரமான இழையமே சுற்றை முடித்துவிடும். மறை முனைப்பக்கத்தில் உருவாகும் காரம் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே பெருங்காயம் செய்யக்கூடியது. ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டிய விடயம்.

எமது பௌதிகவியல் ஆசிரியை கலத்தின் அகத்தடையைக் கற்பித்தபோது புதிய பற்றறி கேட்கவில்லை. "வீட்டிலே செத்துப்போன பற்றறி இருந்தால் கொண்டு வாங்கோ" என்றார். ஒன்பது பேரும் ஒன்பது வகையாகச் செத்தவற்றைக் கொண்டுபோனோம். ஓர் இறையோதற்று, ஓர் அம்பியர்மானி, ஒரு வோல்ற்றுமானி. மின்னோட்டத்தை மாற்றி மாற்றி முனைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாட்டை அளந்து வரைபு கீறினோம். நேர்கோடு, வெட்டுத்துண்டு மின்னியக்க விசை, படித்திறன் மறையில் அகத்தடை. ஒன்பது வரைபையும் ஒரே தாளில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். கோடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றும் வேறு வேறு சரிவில் இறங்கின. சும்மா வோல்ற்றுமானியில் பார்த்தால் செத்த பற்றறியும் உயிருள்ளது போலவே காட்டும் என்பதை அந்தச் சுவர் எங்களுக்குக் காட்டியது. வேலை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பாடத்தின்போது ஆசிரியை சொன்ன ஒரு வரலாற்றைப் பிற்காலத்தில் நாங்களும் தேடிப் படித்தோம். இத்தாலியரான வோல்ற்றா 1800 இல் முதல் மின்கல அடுக்கை அறிவித்தார். ஆறு ஆண்டுகளின் பின், 1806 இல், லண்டனில் ஜேன் மார்செற் என்ற பெண்மணி இரசாயனம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலைன் என்ற இரண்டு மாணவிகளும் உரையாடுவதாக அமைந்தது. பெண்கள் படிப்பதற்கென்றே எழுதியது. முதற் பதிப்பில் அவர் தன் பெயரையும் போடவில்லை. அந்த நூல் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு பையனின் கைக்கு வந்தது. மைக்கேல் பரடே. மின்னிரசாயனத்தில் தனக்கு அடித்தளம் இட்டது அந்த நூல்தான் என்று அவர் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 1812 இல் அவர் தானே ஓர் அடுக்குச் செய்தார்: ஏழு அரைப்பென்னி நாணயம், நாகத்தகட்டில் வெட்டிய ஏழு வட்டு, இடையே உப்புநீரில் தோய்த்த ஆறு கடதாசித் துண்டு. நண்பருக்கு அதைப்பற்றி எழுதிய கடிதத்தில் அவருக்கிருந்த துள்ளலைப் பார்க்க வேண்டும். மின்புலத்தைக் கோடுகளாகக் கற்பனை செய்ய உலகுக்குக் கற்றுத்தந்தவரும் அவரே. கொள்ளளவத்தின் அலகான பரட்டும் அவர் பெயரே. பெண்பிள்ளைகளுக்கென்று எழுதிய ஒரு பாடநூல் கலம், புலம், கொள்ளளவி மூன்றுக்கும் வாசலைத் திறந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையல்ல. "கணிதப் பிரிவு பொம்பிளைப் பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று சொல்பவர்கள் எங்கள் காலத்தில் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்களாம்.

இனிக் கொள்ளளவி. பாடத்திட்டத்தில் அது நிலைமின் புலம் என்ற அலகில் வருகிறது, மின்கலம் மின்னோட்டவியலில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே பல மாத இடைவெளி. அதனால் பல பிள்ளைகள் "கொள்ளளவி என்பது சின்னப் பற்றறி" என்று எண்ணிக்கொண்டே பரீட்சைக்குப் போகிறார்கள். எங்களுக்கு அந்த மயக்கம் வராமற் போனதற்குக் காரணம் ஒரு சைக்கிள்.

அந்நாட்களில் செய்தி கேட்ட விதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினால், பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின் போகும். டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு இருவாயிகளைக் கொண்டு திசையைச் சீராக்கலாம். ஆனாலும் அது துடித்துத் துடித்துத்தான் வரும்; றேடியோ இரையும். அந்தத் துடிப்புகளுக்கு இடையே உள்ள பள்ளங்களை நிரப்ப ஒரு கொள்ளளவி வேண்டும். பழுதான வானொலி ஒன்றிலிருந்து கழற்றிய 1000 மைக்ரோபரட் கொள்ளளவியை ஆசிரியை கொண்டுவந்தார். அதைப் பொருத்தியதும் இரைச்சல் அடங்கியது. வகுப்பே கைதட்டியது. பிறகு அவர், சுற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "கையை எடு" என்றார். சில்லைப் பிடித்து நிறுத்தியதும் றேடியோ உடனே செத்துவிட்டது. "கொள்ளளவி இருக்கே, ஏன் நின்டது? கணக்குச் செய்யுங்கோ."

செய்தோம். றேடியோ 30 மில்லி அம்பியர் இழுக்கிறது என்றால், 1000 மைக்ரோபரட்டின் அழுத்தம் செக்கனுக்கு 30 வோல்ற்று என்ற வீதத்தில் இறங்கும். ஒரு செக்கனில் நூறு துடிப்பு வருமானால், இரண்டு துடிப்புகளுக்கிடையே இழப்பது 0.3 வோல்ற்று, றேடியோவுக்கு அது தெரியாது. சில்லு நின்றுவிட்டால், 6 வோல்ற்று 3 வோல்ற்றாக இறங்கப் பத்தில் ஒரு செக்கன் போதும். அதே றேடியோவை, ஒரு அம்பியர்-மணித்தியாலம் தாங்கும் நாலு பற்றறிகளில் விட்டால் முப்பது மணித்தியாலத்துக்கு மேல் பாடும். பத்தில் ஒரு செக்கன் எங்கே, முப்பது மணித்தியாலம் எங்கே!

காரணம் எளியது. கலத்துக்குள் இரசாயனத் தாக்கம் நடக்கிறது. நாகம் கரைந்து இலத்திரன்களை மறை முனையில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒரு கூலோம் எடுத்தால் அது இன்னொரு கூலோமைத் தள்ளித் தருகிறது. மூலப்பொருள் இருக்கும்வரை அழுத்தம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். கொள்ளளவியில் அப்படி ஒரு தாக்கமும் இல்லை. ஒரு தகட்டில் நேர், எதிர்த் தகட்டில் மறை, நடுவே ஒரு புலம். யாரோ பிரித்து வைத்ததை அது பிரித்தபடி வைத்திருக்கிறது, அவ்வளவே. எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். கொள்ளும் சக்தியும் மிகக் குறைவு. அந்த 1000 மைக்ரோபரட் 6 வோல்ற்றில் வைத்திருப்பது 0.018 யூல், ஒரு அம்பியர்-மணித்தியாலம் தரும் ஒற்றை உலர்கலம் 5400 யூல். ஆனால் கலம் அகத்தடையால் கட்டுப்பட்டது. கொள்ளளவி வைத்திருப்பதைக் கணத்தில் கொட்டிவிடும். இதயத்துடிப்பு குழம்பியவருக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கொடுக்கும் அதிர்ச்சி 200 யூல் அளவு, சில மில்லி செக்கனுக்குள். அதைப் பற்றறி நேரடியாகத் தர முடியாது. பற்றறி ஆறுதலாக ஒரு கொள்ளளவியை ஏற்ற, கொள்ளளவி ஒரேயடியாக விடுகிறது. உங்கள் வீட்டுக் கூரை மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் மின்வேலை செய்பவர் மாற்றும் அந்தச் சிறு பெட்டியும் கொள்ளளவிதான்.

ஒரு சந்தேகம் அன்று எங்களில் ஒருத்திக்கு வந்தது. சுண்டுவிரல் அளவு தகரக்குவளைக்குள் 1000 மைக்ரோபரட் எப்படி அடங்கும்? தகடுகளின் பரப்பு கூடினால் கொள்ளளவம் கூடும், இடைவெளி குறைந்தாலும் கூடும். அலுமினியத் தாளைச் சுருட்டி வைத்தால் பரப்புக் கிடைக்கிறது. இடைவெளியாக இருப்பது அத்தாளின் மேலே வளர்த்த ஒட்சைட்டுப் படலம். ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது. அந்தப் படலத்துக்குள் நிற்கும் புலம் மீற்றருக்குப் பல கோடி வோல்ற்று. வளி மீற்றருக்கு முப்பது இலட்சம் வோல்ற்றிலேயே உடைந்து பொறி பறந்துவிடும். நேர், மறை மாறிக் கொடுத்தால் படலம் அழிந்து குவளை வெடிக்கும் என்பதற்கும் இதுவே காரணம்.

புலத்தைக் கண்ணால் காட்டியது இங்குள்ள இன்னொரு பழம்பொருள். 1880களில் ஜேம்ஸ் விம்சேட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த வகைப் பொறி, கையாற் சுற்றுவது. இரண்டு வட்டத்தட்டுகள் எதிரெதிராகச் சுழலும். இருபுறமும் இலேடன் சாடி இரண்டு. இலேடன் சாடி என்பது 1745, 1746 காலத்தில் பிறந்த உலகின் முதற் கொள்ளளவி. மின்சாரம் இல்லாத ஊரில் இந்தப் பொறிக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு வேண்டியது காய்ந்த காற்று மட்டும். மாரியில் சுற்றினால் ஒன்றும் வராது. ஈரம் மின்னேற்றத்தைக் கொண்டுபோய்விடும். பங்குனி வெயிலில் சுற்றினால் "டிக்" என்று நீலப்பொறி பாயும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஆமணக்கெண்ணெய் விட்டு, மேலே ரவையைத் தூவி, இரண்டு மின்வாய்களைப் பொறியோடு தொடுத்துச் சுற்றினோம். ரவை மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டின. பரடே மனத்தில் கண்ட கோடுகள் ஆமணக்கெண்ணெயில் நின்றன. மின்வாயாக ஒரு வளையத்தை வைத்தபோது, வளையத்தின் வெளியே கோடுகள். உள்ளே ரவை அப்படியே சிதறிக் கிடந்தது. உள்ளே புலமில்லை. 1836 இல் பரடே 12 அடிப் பக்கமுள்ள ஒரு பெட்டி அறையைக் கட்டி, அதை உலோகத்தால் போர்த்து, தானே உள்ளே இருந்துகொண்டு வெளியே பலமாக மின்னேற்றச் சொன்னார். உள்ளே அவருடைய நுட்பமான கருவிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் மின்னும்போது வெளியிலும் மரத்தடியிலும் நிற்பதைவிட மூடிய வாகனத்துக்குள் இருப்பது பாதுகாப்பு என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

இனி நாங்கள் பேச வந்த காரியத்துக்கு வருகிறோம். நூற்றாண்டு நிதியில் பழைய பௌதிக ஆய்கூடத்தைத் திறன் வகுப்பறையாக மாற்றுவதென்று ஒரு முன்மொழிவு இருப்பதாக அறிந்தோம். திறன் வகுப்பறைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். ஒன்பது பேரில் நால்வர் கணினியால்தான் சோறு உண்கிறோம். ஆனால் அதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. தண்ணீர்க்குழாயும் கல்மேசையும் உள்ள அறை ஒன்றுதான் உண்டு.

உயர்தரப் பரீட்சையில் பரிசோதனையை நேரில் செய்து காட்ட வேண்டியதில்லை. அமைப்புக் கட்டுரை வினாவில் எழுதினாற் போதும். ரியூசன் வகுப்பில் அந்த வரைபைக் கீறப் பழக்கிவிடுகிறார்கள். ஒரு கலத்தையும் தொடாமலே முழுப்புள்ளி எடுக்கலாம். திரையில் ஓடும் மாதிரிச் சுற்றிலும் செய்யலாம். ஆனால் திரையிலுள்ள கலம் சூடாவதில்லை. உண்மையான கலத்தில், அளவெடுத்த பின்பும் ஆளியை மூடியே வைத்திருந்தால் வாசிப்பு மெல்ல மெல்ல இறங்கும், புள்ளிகள் கோட்டை விட்டு விலகும். ஆளியை மூடு, வாசி, உடனே திற என்று ஆசிரியை எங்கள் காதில் ஓதியது அதற்காக. அந்த வரி இன்றைக்கும் வினாத்தாளில் ஒரு புள்ளிக்கு வருகிறது. பிள்ளைகள் அதை மனனம் செய்கிறார்கள், ஏனென்று கேட்டால் விழிக்கிறார்கள். சென்ற மாதம் இங்கே கேட்டுப் பார்த்தோம்.

ஆகையால் எமது வேண்டுகோள் இது. ஆய்கூடம் ஆய்கூடமாகவே இருக்கட்டும். இரண்டு மாணவிகளுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் இறையோதற்று, அம்பியர்மானி, வோல்ற்றுமானி, ஆளி, தொடுப்புக் கம்பிகள் ஆகியவற்றை எமது வகுப்பு வாங்கித் தரும். அதற்கான பணத்தைச் சேர்த்தும் விட்டோம். களஞ்சிய அறைத் தட்டின் மேலே தூசுபடிந்து கிடக்கும் விம்சேட் பொறியின் அறுந்துபோன பட்டியையும் மாற்றித் தருவோம். கல்லூரியிடம் நாங்கள் கேட்பது கிழமைக்கு ஒரு தடவை அடுத்தடுத்த இரண்டு பாடவேளை, 80 நிமிடம், அந்த அறையில். நேரசூசி போடும் ஆசிரியைக்கு இது எவ்வளவு கரைச்சல் என்று தெரிந்துதான் கேட்கிறோம்.

தேநீருக்குப் பிறகு ஆய்கூடம் திறந்திருக்கும். மேசையில் நாலு தேசிக்காய் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் நாகம் பூசிய ஆணி ஒன்று, செப்புக்கம்பி ஒன்று; நாலையும் தொடராகத் தொடுத்திருக்கிறோம். இலக்கமுறை வோல்ற்றுமானியில் மூன்றரை வோல்ற்றளவு காட்டும். ரோச் குமிழைத் தொடுத்தால் எரியாது, ஒரு சிவப்பு எல்ஈடியைத் தொடுத்தால் மங்கலாக எரியும். ஏனென்று பத்தாந்தரப் பிள்ளைகள் அங்கே நின்று உங்களுக்குச் சொல்லுவார்கள். கேள்வி கேளுங்கள், பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கிறார்கள்.